மல்லாந்து விழுந்தால் முழங்கால் எங்கே இருக்க வேண்டும்

பெண் காவலர் பயிற்சியில் இப்போது புதிதாக ஒரு பாடம் சேர்த்திருக்கிறார்கள். நாற்காலியில் உட்கார்ந்தபடி, சுவரில் முதுகை ஒட்டியபடி, தரையில் மல்லாந்தபடி கைத்துப்பாக்கி சுடும் பாடம். போன மாதம் என்னைப் பார்க்க வந்த இளம் உதவி ஆய்வாளர்கள் இருவர், இது வெளிநாட்டிலிருந்து வந்த முறை என்று சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் எண்பதுகளின் தொடக்கத்தில், அழகர்கோவில் சாலையை ஒட்டிய ஒரு தரிசு நிலத்தில் இதை நாங்களும் செய்தோம் என்றேன். நம்பினார்களா என்று தெரியவில்லை. "எழுதிக் குடுங்க மேடம், ஆண்டு மலர்ல போடுவோம்" என்றார்கள். அதனால் எழுதுகிறேன்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் டிப்ளமோ படித்தேன். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். பிறகு உதவி ஆய்வாளர் தேர்வு, பயிற்சி, நியமனம். கடைசல் இயந்திரத்தில் வேலை செய்யத் தெரிந்தவள் என்று என் கோப்பில் இருந்ததைப் பார்த்த யாரோ, என்னை மதுரை ஆயுதப்படையின் ஆயுதக் கிடங்குக்கு அனுப்பினார்கள். பெண்ணை எந்த நிலையத்தில் உட்கார வைப்பது என்று யோசிக்க வேண்டியிராத இடம் அது என்பதும் ஒரு காரணமாக இருந்திருக்கும். எனக்கு வயது இருபத்தாறு. ரிவால்வரின் சிலிண்டர் ஆடுகிறதா, விசையின் கனம் சரியா, குழலுக்குள் ஈயம் படிந்திருக்கிறதா என்று பார்த்துச் சான்று தருவது என் வேலை. துப்பாக்கி சுடும் நாட்களில் ரேஞ்சின் பாதுகாப்பும் என் பொறுப்பு.

அங்கே எங்கள் ஆய்வாளர் ஜப்பார். மதுரைப் பழைய நகரத்து ஜவுளி வியாபாரக் குடும்பம். வீட்டில் ஒருவர்கூடக் காக்கி போட்டதில்லை. கொஞ்சம் தொப்பை, தடித்த கண்ணாடி. ரேஞ்சில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. நிலைமை எவ்வளவு ஆபத்தாகிறதோ அவ்வளவு தாழும். அவர் கிசுகிசுக்க ஆரம்பித்தால் நாங்கள் மூச்சை அடக்கிக்கொள்வோம். தப்பாகச் சுட்டவனைத் திட்ட மாட்டார். "என்ன செஞ்சேன்னு நீயே சொல்லு தம்பி" என்பார். அவன் சொல்லி முடிக்கும்வரை அடுத்தவனுக்கு முறை கிடையாது. வெயிலில் வரிசையில் நிற்கும் மற்றவர்கள் அவனைத் திட்டும் திட்டே போதுமானதாக இருந்தது.

அதுவரை எங்கள் சுடும் முறை ஒன்றே ஒன்றுதான். நேராக நிற்க வேண்டும், வலது கையை நீட்ட வேண்டும், இடது கையை முதுகுக்குப் பின்னால் வைக்க வேண்டும், இலக்கைப் பார்த்து நிதானமாகச் சுட வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை. அதில் தேறியவர் ரிவால்வர் கட்டும் பணிக்குத் தகுதியானவர். ஒழுங்காகக் காற்று வாங்கிக்கொண்டு நிற்கிற எதிரி கிடைத்தால் இது போதும்.

மாயாண்டி ஏட்டுக்கு அப்படிப்பட்ட எதிரி கிடைக்கவில்லை.

மாயாண்டி தலைமைக் காவலர். நாற்பதை நெருங்கியவர், ஒல்லி, நல்ல உயரம், பேச்சு குறைவு. கைதிகளை நீதிமன்றத்துக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவரும் வழிக்காவல் பணியில் பல வருடங்களாக ரிவால்வர் கட்டியவர். ஒருநாள் மேலூர் நீதிமன்றத்திலிருந்து ஒரு விசாரணைக் கைதியைப் பேருந்தில் அழைத்து வந்தார். உடன் ஒரு காவலர். ஒத்தக்கடை நிறுத்தத்தில் கைதியின் ஆட்கள் ஏறினார்கள். மாயாண்டியை வண்டிக்கு வெளியே தள்ளினார்கள். அவர் சாலையோரத்தில் மல்லாந்து விழுந்தார். ரிவால்வர் உறையில், இடுப்புக்கும் தரைக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. அவர் அதை எடுக்கத் திணறிய நேரத்தில் உடன் வந்த காவலரின் கையில் வெட்டு விழுந்தது. கைதி ஓடிவிட்டான். அந்தக் காவலரின் விரல்கள் அதன் பிறகு முழுதாக மடங்கவில்லை.

விசாரணையில் மாயாண்டி மேல் குற்றம் இல்லை என்று முடிவானது. ஆனால் ரேஞ்சில் மறுபடி தகுதிச் சான்று பெறும்வரை அவருக்கு ரிவால்வர் தரக்கூடாது என்று உத்தரவு. ஆயுதப்படை முகாம் வாசலில் தடியுடன் நிற்கும் வேலை கொடுத்தார்கள். அவர் காதுபடவே, "ஏட்டையா ஒத்தக்கடையில ஒரு தூக்கம் போட்டாருல்ல" என்று சொல்பவர்கள் இருந்தார்கள். அவர் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பார். வெட்டுப்பட்ட காவலரின் வீட்டுக்கு மட்டும் ஞாயிறுதோறும் போய்வருவார் என்று கேள்விப்பட்டேன்.

ஜப்பார் அய்யா அந்த விசாரணை வாக்குமூலத்தைப் பலமுறை படித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"அம்மா, இந்த ஆளுக்கு மல்லாந்து கெடந்து சுடச் சொல்லிக் குடுத்தது யாரு?"

"யாருமில்லைங்கய்யா."

"அப்ப தப்பு யாரு மேல?"

அந்த வாரமே பாடம் எழுத உட்கார்ந்தோம்.

ஒரு காவலர் எந்தெந்த நிலையில் மாட்டிக்கொள்ளக்கூடும் என்று பட்டியல் போட்டோம். மேசைக்குப் பின்னால் நாற்காலியில். ஜீப்பின் முன்னிருக்கையில், கதவு மூடியபடி. சுவரோடு நெருக்கப்பட்டு, கை நீட்ட இடமில்லாமல். வலது கையில் அடிபட்டு, இடது கையால் மட்டும். வண்டிச் சக்கரத்தின் பின்னால் மண்டியிட்டு. பக்கவாட்டில் விழுந்து. மல்லாந்து விழுந்து. ஒவ்வொரு நிலைக்கும் நான் முதலில் காலி ரிவால்வரோடு செய்துபார்த்து, உடம்பின் எந்தப் பாகம் குழல்வாய்க்கு முன்னால் வந்துவிடுகிறது என்று குறித்தேன். உட்கார்ந்த நிலையில் முழங்கால். ஜீப்பில் இடது முழங்கை. சுவரோரத்தில் சொந்த வயிறே. என் சீருடை அப்போது சேலைதான். ரேஞ்சுக்குள் மட்டும் கால்சட்டை அணிய அய்யா எழுத்தில் அனுமதி வாங்கித் தந்தார். அந்த அனுமதி வருவதற்குத்தான் பாடம் எழுதியதைவிட அதிக நாளானது.

மல்லாந்த நிலைக்கு நாங்கள் எழுதிய விதி இது. தாடை நெஞ்சில் ஒட்டியிருக்க வேண்டும். முழங்கைகள் விலாவில் பதிந்திருக்க வேண்டும். கால்கள் இரண்டும் நீட்டி, நன்றாக அகட்டித் தரையோடு கிடக்க வேண்டும். எதிரி நிற்கிறான், நாம் கிடக்கிறோம். குழல் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும். அந்தக் கோட்டில் முழங்கால் எழுந்தால் குண்டு அதில்தான் பாயும்.

இனி ரேஞ்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாலையிலிருந்து உள்ளே தள்ளிக் கருவேலங்காடு, அதைத் தாண்டிப் பொட்டல். வடக்கே மண்மேடு ஒன்றை உயரமாகக் கொட்டி வைத்திருந்தார்கள். குண்டுகள் அதில் போய்ப் புதையும். மேட்டுக்கு மேலே, நேர் எதிரில், அழகர்மலை. சுடுவதற்கு முன் நான் செய்பவை: சிவப்புக் கொடி ஏற்றுதல், ஆடு மேய்ப்பவர்கள் யாராவது மேட்டுக்குப் பின்னால் இருக்கிறார்களா என்று ஆள் அனுப்பிப் பார்த்தல், ஒவ்வொரு ரிவால்வரையும் திறந்து வெளிச்சத்தில் பிடித்தல், முதலுதவிப் பெட்டியைத் திறந்து மூடுதல். கடைசியில் சுடுபவரின் தோளருகே மண்டியிட்டு உட்காருவேன். அவர் மணிக்கட்டையும் முழங்காலையும் கவனிப்பது அந்த இடத்திலிருந்துதான் முடியும்.

முதல் நாள் மாயாண்டி நாற்காலி, ஜீப், சுவர், இடது கை எல்லாவற்றையும் குறையில்லாமல் செய்தார். மல்லாந்த நிலைக்கு வந்தோம். படுத்தார். கால்களை நீட்டினார். அய்யாவின் விசில் கேட்டதும் ரிவால்வர் உறையிலிருந்து வந்தது. அதோடு சேர்ந்து முழங்கால்களும் மேலே வந்தன. நான் "நிறுத்துங்க" என்று கத்தியபடி அவர் மணிக்கட்டைப் பக்கவாட்டில் தள்ளினேன். வெடித்துவிட்டது. குண்டு வலது முழங்காலுக்கு மேல் கால்சட்டையைக் கிழித்துக்கொண்டு மண்மேட்டுக்குப் போனது. தோல் பொசுங்கியிருந்தது, எலும்புக்கு ஒன்றுமில்லை.

அய்யா அருகே வந்து குனிந்தார். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"என்ன செஞ்சேன்னு சொல்லு தம்பி."

"காலை மடக்கிட்டேங்கய்யா."

"ஏன்?"

மாயாண்டி வானத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

அதன் பிறகு அன்று யாரும் சுடவில்லை. மாலை அய்யா என்னிடம் சொன்னார்: "அடுத்த மாசம் இன்னொரு தடவை. அப்பயும் முழங்கால் எந்திரிச்சா தகுதி இல்லைன்னு எழுதிருவேன். நான் எழுதிட்டா அந்த ஆளு ரிட்டையர் ஆகுற வரைக்கும் வாசல்ல தடியைப் பிடிச்சுக்கிட்டு நிக்க வேண்டியதுதான். எழுதாம விட்டா அந்த ஆளு தன் காலைத் தானே சுட்டுக்குவாரு. ரெண்டுக்கும் நான்தான் பதில் சொல்லணும்."

ஒரு மாதம் என் கையில் இருந்தது. இயந்திரம் பழுதானால் நான் எப்படித் தேடுவேனோ அப்படித் தேடினேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். முதலில் பயம் என்று நினைத்தேன். விழுந்தது, வெட்டு, ரத்தம், எல்லாம் நினைவுக்கு வந்து உடம்பு சுருங்குகிறது என்று. ஆயுதப்படை மைதானத்தில் கிடங்குச் சுவரைப் பார்த்தபடி காலி ரிவால்வரோடு படுக்க வைத்தேன். கால்கள் பலகை போலத் தரையில் கிடந்தன. எத்தனை தடவை செய்தாலும் அப்படியே. சரி, தோட்டா இருந்தால்தான் பயமோ என்று, ரேஞ்சுக்கு அழைத்துப் போய், அங்கும் காலி ரிவால்வரையே கொடுத்தேன். சிலிண்டரை அவர் கண் முன்னாலேயே திறந்து காட்டினேன். முழங்கால் எழுந்தது. பூட்ஸைக் கழற்றச் சொன்னேன். எழுந்தது. தரையில் சாக்கு விரித்தேன். எழுந்தது. ஆக, பயம் இல்லை, தோட்டா இல்லை, பூட்ஸ் இல்லை, தரை இல்லை. மீதி இருப்பது இடம்.

"ஏட்டையா, இந்த எடத்துல உங்களுக்கு என்ன தொந்தரவு?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லைம்மா. நான் மடக்கலை. அதுவா மடங்குது."

கொடி பிடிக்க வந்திருந்த காவலர் தவமணி பக்கத்தில் நின்று சிரித்தார். தவமணிக்கு வாய் நிற்காது. முகாமில் எதையாவது ரகசியமாக வைக்க வேண்டுமென்றால் அவர் இல்லாத நேரம் பார்த்துத்தான் பேசுவார்கள்.

"அம்மா, நீங்க இந்தப் பக்கமே பாத்துக்கிட்டு இருக்கீங்களே. செத்த திரும்பி அங்கிட்டு என்ன இருக்குன்னு பாருங்க."

திரும்பினேன். மலை.

"அண்ணன் வருசா வருசம் அழகரு கூடவே மதுரை வரைக்கும் நடந்து வாறவரு. அவருக்கு நேரா காலை நீட்டிப் படுன்னா எப்பிடிப் படுப்பாரு?"

"டேய், வாய மூடுறியா?" என்றார் மாயாண்டி.

"நீங்க எப்படித் தவமணி படுத்தீங்க?"

"நான் மனசுக்குள்ள கன்னத்துல போட்டுக்கிட்டுத்தாம்மா படுத்தேன். போன வாரம் எங்க செட்டுல படுத்த அம்புட்டுப் பேரும் அப்பிடித்தான். நீங்க கவனிக்கலையா, எல்லாப் பயலும் பூட்ஸைக் கோணலா வச்சுக்கிட்டுக் கெடந்தாய்ங்க."

கவனித்திருந்தேன். பழகாத நிலை, போகப் போகச் சரியாகும் என்று குறித்து வைத்திருந்தேன்.

"மைதானத்துல நேரா நீட்டுனீங்களே ஏட்டையா? அந்தப் பக்கமும் ஊருக்குள்ள கோயில்தானே?"

"அங்கன செவுரு மறைக்குதும்மா. இங்க மலை நேரா நம்மளைப் பாத்துக்கிட்டு நிக்குது."

"மலையைப் பாத்துச் சுடலாம், காலை நீட்டக் கூடாதா?"

அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். "மண்மேட்டைத்தானேம்மா சுடுறோம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. அய்யாவிடம் சொல்லிவிடுகிறேன் என்றதும் அவர் பதறிவிட்டார். "வேணாம்மா. அய்யா வேற சாமி கும்புடுறவரு. சுடத் துப்பில்லாம சாமி பேரைச் சொல்லித் தப்பிக்கிறான்னு நெனைச்சுருவாரு. தகுதி இல்லைன்னே எழுதட்டும். நான் வாசல்லயே நின்னுட்டுப் போறேன்."

நான் அவரிடம் வாக்கு எதுவும் கொடுக்கவில்லை. காரணத்தை மறைத்து வைத்துக்கொண்டு பாதுகாப்புச் சான்றில் கையெழுத்துப் போட என்னால் முடியாது. அன்று மாலையே அய்யாவிடம் போனேன். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், நடந்த சோதனைகளை வரிசையாகச் சொன்னேன். கடைசியில் மலையைச் சொன்னேன்.

அய்யா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இத ஏன் ஒருத்தனும் எங்கிட்டச் சொல்லலை?"

"நீங்க தப்பா எடுத்துக்குவீங்கன்னு..."

"எங்க வீட்டுல மேக்க காலை நீட்டிப் படுத்தா எங்கம்மா முதுகுல ரெண்டு வைக்கும். தூக்கத்துல புரண்டு படுத்தாக்கூட எழுப்பித் திருப்பி விடும். எனக்கா இது புரியாது?" கண்ணாடியை மாட்டினார். "சரி. ரேஞ்சைத் திருப்பிருவோமா?"

"எந்தப் பக்கம்ங்கய்யா?"

விரல் விட்டு எண்ணினார். "வடக்க அழகரு. ஒத்தக்கடைப் பக்கம் திருப்புனா யானைமலை, அடியில நரசிங்கப் பெருமாள். தெக்கால திருப்பரங்குன்றம். மேக்க எங்க ஆளு." கையை விரித்தார். "மதுரையில காலை நீட்ட எடமில்லைம்மா."

மலை தெரியாதபடி தார்ப்பாய் கட்டலாம் என்று நான் சொன்னேன். சுவர் மறைத்தால் சரியாகிறது என்பது சோதனையில் தெரிந்ததுதானே. அய்யா உடனே மறுத்தார். "ரேஞ்சுல கட்டலாம். தெருவுல யாரு கட்டுவா? தார்ப்பாய்க்கு இந்தப் பக்கம் தேறிட்டு, அந்தப் பக்கம் போய்க் காலைச் சுட்டுக்கிட்டா அது என்ன சர்ட்டிபிகேட்?"

அவர் சொன்னது சரி. அந்த ஆளை மனம் மாறச் சொல்லி உத்தரவு போடலாமா என்று கேட்டேன். "மனசுக்கு உத்தரவு போடலாம்மா. முழங்காலுக்குப் போட முடியாது. அதுவா மடங்குதுன்னு அந்த ஆளே சொல்றாருல்ல" என்றார்.

மறு பரீட்சைக்குச் சில நாட்களே இருக்கும்போது இன்னொரு குழுவின் பயிற்சிக்காக ரேஞ்சுக்குப் போனோம். மாயாண்டியும் கொடிவேலைக்காக வந்திருந்தார். மதியம் கருவேல மரத்தடியில் ஆண்கள் வட்டமாகச் சம்மணம் போட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்கள். நான் கொஞ்சம் தள்ளி ஜீப்பின் படியில். தவமணி எதற்கோ மாயாண்டியைச் சீண்டினார்.

"என்னண்ணே, ஒத்தக்கடையில விழுந்ததுல இருந்து சோறு எறங்க மாட்டேங்குதா? இம்புட்டுக்காணு வச்சுருக்கீக."

"போடா டேய்."

"தட்டை இப்பிடிக் குடுங்க." தட்டைப் பிடுங்குவது போல இழுத்துச் சட்டென்று விட்டார். மாயாண்டி பின்பக்கமாக உருண்டார். ரசஞ்சோறு சட்டை முழுக்க.

"அடேய் வீணாப்போனவனே! துணிய யாரு தொவைப்பா, உங்க அப்பனா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் எழுந்து நின்றுவிட்டேன். மாயாண்டி மல்லாந்து கிடந்தார், மலைக்கு நேர் எதிரே. கால்கள் சம்மணம் கலையாமல் அப்படியே இருந்தன. முழங்கால்கள் இரண்டும் இடமும் வலமுமாக விரிந்து தரையை ஒட்டிக் கிடந்தன. உள்ளங்கால்கள் தொடைகளுக்கு அடியில், மலைக்குத் தெரியாமல்.

"அப்படியே இருங்க ஏட்டையா. எந்திரிக்காதீங்க."

"அம்மா, சோறு ஒழுகுதும்மா."

"ஒழுகட்டும்."

கொத்தனார் நூல் ஒன்று என் கருவிப் பையில் எப்போதும் இருக்கும். ஒரு முனையை அவர் நெஞ்சுக்கு மேல் ரிவால்வர் இருக்க வேண்டிய உயரத்தில் தவமணியைப் பிடிக்க வைத்தேன். மறுமுனையை இலக்குப் பலகையின் நெஞ்சுப் பகுதியில் கட்டினேன். நூல் குண்டின் பாதை. முழங்கால்களுக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை அளந்தேன். பிறகு தவமணியை அதே இடத்தில் விதிப்படி கால் நீட்டிப் படுக்க வைத்து, செங்குத்தாக நின்ற பூட்ஸ் நுனிக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை அளந்தேன். சம்மணத்தில்தான் இடைவெளி அதிகம். நாங்கள் எழுதிய விதியைவிட அவர் விழுந்த விதம் பாதுகாப்பானது.

விதியை மறுபடி யோசித்தேன். கால் நீட்டியிருக்க வேண்டும் என்று எழுதியது, முழங்கால் கீழே இருக்க வேண்டும் என்பதற்காக. முழங்கால் வேறு வழியில் கீழே இருந்தால் நீட்டத் தேவையில்லை. தரையில் உட்கார்ந்து சாப்பிட்டே வளர்ந்த இடுப்பு மூட்டுகள் எங்கள் ஆட்களுடையவை. அதை நாங்கள் கணக்கில் எடுக்கவே இல்லை.

அய்யா நூலைப் பார்த்தார், அளவைப் பார்த்தார், சோற்றோடு கிடந்த மாயாண்டியைப் பார்த்தார்.

"சாப்பிட உக்காந்தவன் விழுந்தா சரி. நிக்குறவனைத் தள்ளுனா? விழுறப்போ சம்மணம் போட நேரமிருக்குமா?"

மாயாண்டி எழுந்தார். சோற்றைத் தட்டிவிட்டுக்கொண்டு யோசித்தார். பிறகு, "பந்தியில உக்காருற மாதிரிதாங்கய்யா" என்று சொல்லி, ஒரு காலை இன்னொரு காலுக்குப் பின்னால் குறுக்கே வைத்து, கையை ஊன்றாமல் அப்படியே இறங்கி உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்திலேயே பின்னால் சாய்ந்தார். நின்றதிலிருந்து மல்லாந்து கிடக்கும்வரை ஒரே ஓட்டம். தலை தரையில் மோதவில்லை. வலது இடுப்பும் தரையிலிருந்து சற்றுத் தூக்கியே இருந்தது, உறை நசுங்கவில்லை. அது எனக்கு எதிர்பாராத லாபம்.

அய்யாவும் செய்துபார்த்தார். உட்காரும்வரை வந்தது. அதன் பிறகு அவரைத் தூக்கிவிட இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். "இத நான் செய்ய மாட்டேன். வாறவன் செய்யட்டும்" என்று மூச்சு வாங்கினார். "முழங்கால் கோட்டுக்குக் கீழ இருக்கா? அம்புட்டுத்தான் எனக்கு வேணும். ஆனா பரீட்சை நான் வைக்கிற மாதிரிதான்."

மீதி நாட்களில் கிடங்குக்குப் பின்னால் பழைய மெத்தைகளைப் போட்டுப் பழகினோம். தவமணி தள்ளுவார், முன்னிருந்து, பக்கத்திலிருந்து, சொல்லாமல் பின்னிருந்து சட்டையைப் பிடித்து இழுத்து. முதலில் பாதி தடவை கால் குறுக்கே போகாமல் அகன்றது. பிறகு தானாகவே போயிற்று. காலி ரிவால்வரின் சொடக்குச் சத்தம் கேட்கும் ஒவ்வொரு முறையும் நான் முழங்காலை மட்டுமே பார்த்தேன்.

பரீட்சை நாள். கொடி ஏறியது. மாயாண்டி ரிவால்வரை வாங்கித் தோட்டாக்களை இட்டு உறையில் போட்டார். மற்ற நிலைகள் முடிந்தன. மல்லாந்த நிலைக்கு அய்யா புதிய ஏற்பாடு செய்திருந்தார். உமி அடைத்த சாக்கு ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு மாயாண்டியின் பக்கத்தில் வந்து நின்றார். தள்ளிவிட்டு அய்யா எங்களுக்குப் பின்னால் போய் நிற்பார், விலகிவிட்டார் என்பதற்கு அடையாளமாக நான் அய்யாவின் தோளைத் தொட்ட பிறகுதான் அவர் விசில் ஊதுவார். அதற்கு முன் உறையிலிருந்து ரிவால்வர் வந்தால் தோல்வி. முழங்கால் எழுந்தால் தோல்வி. இலக்கில் படுபவை நான்குக்குக் குறைந்தாலும் தோல்வி.

அய்யா மெல்லிய குரலில் பேச ஆரம்பித்தார். "வீட்டுல எல்லாரும் சொகமா தம்பி?"

"சொகம்தாங்க..."

சாக்கு நெஞ்சில் மோதியது. சொல் பாதியில் நின்றது. மாயாண்டியின் இடது கால் பின்னால் குறுக்கே போனது, உட்கார்ந்தார், சாய்ந்தார். புழுதி எழுந்தது. அய்யா விலகினார். நான் அய்யாவின் தோளைத் தொட்டுவிட்டு ஓடி வந்து மாயாண்டியின் தோளருகே மண்டியிட்டேன். விசில்.

ரிவால்வர் வந்தது. முழங்கால்கள் தரையில் கிடந்தன. இரண்டு தோட்டாக்கள். இடைவெளி. மறுபடி இரண்டு. என் கை அவர் மணிக்கட்டுக்கு மேலே காற்றில் நின்றது, தொடத் தேவைப்படவில்லை. மீதி இரண்டும் போன பிறகு சிலிண்டரைத் திறந்து என்னிடம் காட்டினார். ஆறும் காலி.

இலக்கில் ஐந்து பட்டிருந்தன. ஆறாவது பலகையின் சட்டத்தில்.

அய்யா வழக்கம்போல அருகே வந்து குனிந்தார். "என்ன செஞ்சேன்னு சொல்லு தம்பி."

மாயாண்டி கிடந்தபடியே யோசித்தார். "விழுந்தேங்கய்யா. சுட்டேன்."

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தாங்கய்யா."

அய்யா சான்றில் கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினார். நான் பாதுகாப்பு அலுவலர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். அன்றிலிருந்தே வழிக்காவல் பணி. திரும்பும் வழியிலேயே ரிவால்வரைக் கட்டிக்கொள்ளலாம் என்று உத்தரவானது. நான் ஆறு தோட்டாக்களை எடுத்துக் கொடுத்தேன். அவர் ஒவ்வொன்றாக இட்டு, சிலிண்டரை மூடி, உறையில் போட்டுப் பட்டியை இழுத்து மாட்டினார்.

வண்டி கிளம்பும் நேரம். தோட்டா இட்ட ஆயுதம் வைத்திருப்பவர் வண்டியின் பின்பலகையை ஒட்டி, சாலையைப் பார்த்து உட்கார வேண்டும் என்பது விதி, மற்றவர்கள் உள்ளே. மாயாண்டி பழக்கத்தில் உள்ளே போய், தடிகளும் கொடிகளும் கிடக்கும் நடுப்பலகையில் உட்கார்ந்துவிட்டார். தவமணி ஏற வந்து அவரைப் பார்த்தார்.

"அண்ணே, என் எடத்துல என்ன பண்றீக? எந்திரிங்க. போய் உங்க எடத்துல உக்காருங்க."

மாயாண்டி எழுந்தார். எல்லோருடைய கால்களையும் தாண்டி வண்டியின் பின்முனைக்கு வந்தார். பலகையை ஒட்டி உட்கார்ந்து, வலது கையை உறையின் மேல் வைத்துக்கொண்டு, சாலையைப் பார்க்கத் தொடங்கினார்.